மதுரை வீட்டில் வேலை, சென்னையில் மீட்டிங்: பயணப் பணத்துக்கு வரி உண்டா?

திருநகரிலோ மேலூரிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். மாதம் ஒருமுறை மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட், எழும்பூரிலிருந்து ஆட்டோ, ஒரு ராத்திரி லாட்ஜ் என்று பணம் கரைகிறது. அதைக் கம்பெனி கொடுத்தால், அதற்கும் வரி கட்ட வேண்டுமா?

வேலை நிமித்தமான பயணப்படி, வெளியூரில் தங்கும் நாட்களுக்கான தினப்படி, வேலைக்காக அலையும் போக்குவரத்துப்படி ஆகியவற்றில் உண்மையாகச் செலவான தொகைக்கு வரி கிடையாது. மிச்சம் பிடித்தால் அந்த மிச்சத்துக்கு உண்டு. 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு இதைச் சொல்வது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவு. பெரும்பாலான சலுகைகள் இல்லாத புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. மாறியதும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது வேலைப் பயணம் ஆகாது. அதற்கென்று முன்பு மாதம் 1,600 ரூபாய் விலக்கு இருந்தது; 2018-19இல், சம்பளக்காரர் எல்லோருக்கும் செலவுக் கணக்கு கேட்காமல் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் மாதம் 3,200 ரூபாய் வரை தொடர்ந்தது. ஆகவே உங்கள் நியமன உத்தரவில் பணியிடம் சென்னை என்று இருந்து, மதுரையிலிருந்தே பாருங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால், நீங்கள் சென்னை போவதை வெறும் அலுவலகப் போக்குவரத்தாகவே பார்க்க இடமுண்டு. பணியிடம் மதுரை என்று எழுத்தில் இருந்தால், அதே ரயில் பயணத்தை டூர் என்று சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். எச்.ஆர்-இடம் கேட்டு இன்றே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

கம்பெனி பைசா தராமல் நீங்களே செலவழித்தால்? ரிட்டர்னில் அதைத் தனியாகக் கழிக்க வழியில்லை. சம்பளக்காரருக்குப் புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், அவ்வளவுதான். மாசி வீதியில் கடை வைத்திருப்பவர் சரக்கெடுக்கப் போன செலவைக் கணக்கில் கழிக்கிறார், நமக்கு அது இல்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

அதனால் பணம் கம்பெனி வழியாக, பயணச் செலவு என்ற பெயரிலேயே வரும்படி பேசிக்கொள்ளுங்கள். பொதுவான ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ கணக்கில் சேர்த்துவிட்டால் முழுவதற்கும் வரிதான். டிக்கெட், லாட்ஜ் பில், மீட்டிங்குக்குக் கூப்பிட்ட மெயில் மூன்றையும் ஒன்றாக வைத்து அந்தந்த மாதமே கொடுத்துவிடுங்கள். அப்புறம் சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் ஆண்டுச் சான்றிதழ் (2025-26 வருமானம் வரை ஃபார்ம் 16) வந்ததும், அந்தத் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வரி போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.