‘சாங்ஸ்டர்’ என்றால் பாடகர் இல்லை

‘தி கொலம்பியன் சாங்ஸ்டர்’ என்ற பழைய அமெரிக்கப் புத்தகத்தின் பெயரைத் தமிழில் ‘கொலம்பியப் பாடகர்’ என்று எழுதியிருப்பதை மறுபடியும் பார்த்தேன். இரண்டே சொல், இரண்டும் தப்பு. இங்கே கொலம்பியா என்பது தென் அமெரிக்க நாடு இல்லை. கொலம்பஸ் பெயரை வைத்து அந்தக் காலக் கவிஞர்கள் அமெரிக்காவைக் கூப்பிட்ட பெயர் அது. 1798இல் பிலடெல்பியாவில் ஜோசப் ஹாப்கின்சன் எழுதிய ‘ஹெயில் கொலம்பியா’ வாழ்த்துவதும் அமெரிக்காவைத்தான். பாடகர் என்று யாருமே அங்கே இல்லை. இருப்பது பாட்டு வரிகளை அச்சிட்ட, சட்டைப் பையில் செருகிக்கொள்கிற ஒரு சின்னப் புத்தகம்.

‘சாங்ஸ்டர்’ என்ற சொல்லின் கதை இதுதான். பழைய ஆங்கிலத்தில் இது பாடுகிற பெண்ணைக் குறித்தது. ‘ஸ்டர்’ அப்போது பெண்பால் விகுதி. நாளடைவில் அது மறந்துபோய், ‘சாங்ஸ்ட்ரஸ்’ என்று இன்னொரு பெண்பால் விகுதியையும் மேலே ஒட்டினார்கள். பாடும் பறவைக்கும் இதே பெயர் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாட்டுகளை அச்சிட்ட புத்தகத்துக்கே இந்தப் பெயரை வைத்தார்கள். ‘நைட்டிங்கேல்’ என்ற பெயரிலும் புத்தகம் வந்தது. அதைப் பறவை நூல் என்று இதுவரை யாரும் மொழிபெயர்க்கவில்லை என்று நம்புகிறேன். அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டால் பாடகர்தான் கிடைப்பார். புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் இந்த வம்பே இல்லை.

இது கவனக்குறைவால் வந்த பிழை, திருத்தினால் போய்விடும். எனக்குப் பெரிய குறை, யோசித்துச் செய்த பிழைகள் மேல்தான். ‘இசைநூல்’ என்கிறார்கள், ‘பண் திரட்டு’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் இசைநூல் என்றால் பஞ்சமரபு மாதிரி இசையின் இலக்கணம் சொல்லும் நூல். சாங்ஸ்டரில் பெரும்பாலும் இசை என்ற ஒன்று அச்சில் இருக்காது. இசைக் குறிப்போடு வந்தவை சில உண்டு. மற்றதெல்லாம் வெறும் வரிகள். இசைக் குறிப்பை அச்சிடத் தனி அச்செழுத்து வேண்டும், செலவு கூடும், வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கவும் தெரியாது. இசை வரலாற்று ஆய்வாளர் இர்விங் லோவன்ஸ் 1821க்கு முன் அமெரிக்காவில் அச்சான சாங்ஸ்டர்களைத் தேடிப் பட்டியலிட்டு 1976இல் நூலாக வெளியிட்டார். அவர் வைத்த வரையறையே பாடுவதற்கென்று எழுதிய, சமயம் சாராத மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கவிதைகளின் தொகுப்பு என்பதுதான். இசை இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. இல்லாத இசையை நாம் ஏன் பெயரில் ஏற்ற வேண்டும்?

‘பண்’ இன்னும் மோசம். பண் என்பது மெட்டுக்கும் அடியில் இருக்கிற இசை அமைதி. சாங்ஸ்டர்காரர் செய்ததெல்லாம் தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்ததுதான்: இன்ன பாட்டின் மெட்டு. 1814 செப்டம்பரில் பால்டிமோர் மெக்ஹென்றி கோட்டை மேல் ஆங்கிலேயர் குண்டு பொழிந்ததைப் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டு முதலில் துண்டுத் தாளாகத்தான் வந்தது. அதில் மெட்டுக்கு ‘அனாக்ரியான் இன் ஹெவன்’ என்ற பெயர் மட்டுமே இருந்தது. லண்டன் கேளிக்கைச் சங்கம் ஒன்றின் பாட்டு அது. அதே மெட்டில் 1798இலேயே ‘ஆடம்ஸ் அண்ட் லிபர்ட்டி’ வந்து பரவியிருந்ததால், பெயரைப் பார்த்ததும் பாடிவிட்டார்கள். 1931இல் கீயின் பாட்டு அமெரிக்காவின் நாட்டுப்பண் ஆனது வேறு கதை.

அயர்லாந்துப் பாட்டுகளும் இதே வழியில்தான் உள்ளே வந்தன. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐக்கிய அயர்லாந்தினர் இயக்கத்தின் பாட்டுத் தொகுப்பான ‘பேடிஸ் ரிசோர்ஸ்’ 1795இல் பெல்ஃபாஸ்டில் வந்தது. மறு ஆண்டே பிலடெல்பியாவில் அச்சாகி, 1798இல் நியூயார்க்கிலும் வெளியானது. அதிலுள்ளவை தேசபக்திப் பாட்டுகள்தான், ஆனால் மன்னராட்சிக்கு எதிரான தேசபக்தி. அப்புறம் அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூரின் பாட்டுகள் வந்தன, நாட்டை விட்டு வெளியேறியவனின் பாட்டான ‘எக்ஸைல் ஆஃப் எரின்’ வந்தது. எரின் என்பது அயர்லாந்து. அதை ஒரு பெண்ணின் பெயராக்கி, காதலியை விட்டு ஓடியவன் பாட்டாக மாற்றிய மொழிபெயர்ப்பும் என் கண்ணில் பட்டது. எழுதிய தாமஸ் கேம்பல் ஸ்காட்லாந்துக்காரர் என்பது தனி வேடிக்கை.

சரி, எது சரியான சொல்? பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சினிமாப் பாட்டு வரிகளைச் சில்லறைக்கு விற்றார்களே, அதே பெயர். அதிலும் வரிகள் மட்டும்தான், மெட்டு வாங்குகிறவர் காதில் ஏற்கனவே இருக்கும். மலிவு, கையடக்கம், பாடத் தெரிந்தவரை நம்பி அச்சிட்டது எல்லாம் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது. ‘புத்தகம்’ வடசொல் ஆயிற்றே என்று ஒரு நண்பர் முறைத்தார். தனித்தமிழ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ‘பாட்டுநூல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டை இல்லை. ஆனால் சொல் தூய்மையாக இருந்து பொருள் தவறாக இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? ‘தொகை’, ‘கோவை’, ‘மஞ்சரி’ என்று கௌரவம் கொடுக்கவும் வேண்டாம். பாஸ்டனில் விற்ற பாட்டுத் தாள்களை அமெரிக்க அச்சுக்காரர் ஐசையா தாமஸ் வாங்கி 1814இல் கட்டி வைத்தபோது, பாமரரிடையே இப்போது எது பிரபலம் என்று காட்டவே இதைச் செய்கிறேன் என்று எழுதி வைத்தார். அந்தத் தாள்களுக்கு உறவான புத்தகத்துக்கு எட்டுத்தொகையின் மிடுக்கு எதற்கு?

கூடவே இன்னொன்று. மெட்டு என்ற இடத்தில் சில புத்தகங்களில் ‘ஏர்’ என்று இருக்கும். அதைக் ‘காற்று’ என்று போடாதீர்கள். பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் ‘என்ற வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1840களில் நியூயார்க்கில் விற்ற ‘ஃபர்கெட் மீ நாட் சாங்ஸ்டர்’ பெயரிலிருப்பது ஒரு நீலப் பூவும்கூட. அதை ‘என்னை மறவாதே பாட்டுப் புத்தகம்’ என்று எழுதலாம். ‘என்னை மறக்காத பாடகர்’ என்று மட்டும் வேண்டாம்.