ஸ்டடியில் இருக்கும் ‘ஸ்’ எட்யூடியேவில் எங்கே போனது?

‘பிரெஞ்சில் படிப்பதை எட்யூடியே என்கிறார்கள், ஆங்கிலத்தில் ஸ்டடி. இரண்டும் ஒரே சொல்லா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே சொல்தான். மூலம் லத்தீனின் ஸ்டுடியம். பழைய ரோமில் அதன் முதற்பொருள் படிப்பு அல்ல; முனைப்பு, ஒரு பக்கம் சாய்வது. சினமும் சார்பும் இல்லாமல் வரலாறு எழுதுவதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொன்ன இடத்தில் சார்புக்கு அவர் போட்ட சொல் இதுதான். நூல்மேல் காட்டும் முனைப்பே படிப்பாயிற்று.

இனி ஒலிக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் காரணம் தலையில் உள்ள ‘ஸ்ட்’. அசை தொடங்கும்போது முழக்கம், அதாவது ஒலி காதில் விழும் உரப்பு, உயிரெழுத்தை நோக்கி ஏறிக்கொண்டே போவதுதான் இயல்பு. ‘ப்ள’ அப்படி ஏறும். ‘ஸ்ட’வில் ஸ் ஒலித்து, ட்-இல் அடைபட்டு, மறுபடி உயிருக்கு ஏற வேண்டும். நடுவில் ஒரு பள்ளம். முன்னால் ஓர் உயிரை வைத்தால் சிக்கல் தீர்ந்தது: ஸ் அந்த உயிரோடு போய்விடும், ட் புது அசையைத் தொடங்கும். எஸ்-டு. நம் பேச்சிலேயே இதைச் சோதிக்கலாம். ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆகிறது. ஆனால் ஸ்லேட் ‘இஸ்லேட்’ ஆகவில்லை, ‘சிலேட்டு’ ஆயிற்று. பள்ளம் இருந்தால் உயிர் முன்னால் வருகிறது. இல்லாவிட்டால் நடுவில் நுழைகிறது. யாரும் கற்றுத்தராமலே நாக்கு இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது என்பது எத்தனை முறை யோசித்தாலும் வியப்புதான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதலே லத்தீன் கல்வெட்டுகளில் இந்த முன் உயிர் தென்படுகிறது. ஸ்பானியத்தில் எஸ்டுடியார், போர்த்துகீசியத்தில் எஸ்டுடார், சார்டீனியத் தீவின் மொழியில் இஸ்டுடியாரே. இத்தாலியத்திலோ ஸ்டுடியாரே. அங்கே சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். ஸ் அந்த உயிரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆங்கில ‘தி’ போன்ற ‘இல்’ என்ற சுட்டுக்குப் பதில் ‘லோ ஸ்டுடியோ’ என்பதும் இதனால்தான். மெய்யில் முடியும் ‘பெர்’ முன்னால் வந்தால் பழைய உயிர் இன்றும் தலைகாட்டும்: எழுத்து மூலம் என்பதற்கு ‘பெர் இஸ்க்ரிட்டோ’.

பழைய பிரெஞ்சிலும் சொல்லின் தலையில் ‘எஸ்’ இருந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு சொல் கடல் கடந்தது. ஸ்டோன், ஸ்டார் என்று பழகிய ஆங்கில நாக்குக்கு முன் உயிர் தேவைப்படவில்லை, அதை உதிர்த்துவிட்டது. பிரான்சில் மெய்க்கு முன்னிருந்த ஸ் பேச்சில் தேய்ந்தது; எழுத்தில் ஒட்டிக்கிடந்ததை 1740இல் பிரெஞ்சு அகாடமியின் அகராதி நீக்கியது. ஓரிடத்தில் உயிர் போய் ஸ் மிஞ்சியது, இன்னோரிடத்தில் ஸ் போய் உயிர் மிஞ்சியது. மசாலாவுக்கு ஸ்பைஸ்–எபீஸ், தொழுவத்துக்கு ஸ்டேபிள்–எடாப்ல் என்று இதே மாற்றம் வரிசையாகத் திரும்பவும் வருகிறது. உறவுக்குச் சான்று இந்த வரிசைதான். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உலக மொழிகளை ஒரே வேருக்கு இழுப்பதை நான் ஆராய்ச்சி என்று ஏற்கமாட்டேன். ஸ்பானிய ‘முச்சோ’வுக்கும் ஆங்கில ‘மச்’சுக்கும் ஒலியும் பொருளும் நெருக்கம், உறவு துளியும் இல்லை.

தலை இப்படி மாறியும் நடுவிலுள்ள ‘டிய’ பெரும்பாலும் அப்படியே நின்றது. மக்கள் பேச்சில் அது தேய்ந்திருக்க வேண்டும்: ‘இன்று’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஓடியே’ இத்தாலியத்தில் ‘ஓஜ்ஜி’ ஆயிற்று. வித்யா பாலியில் ‘விஜ்ஜா’, தமிழில் ‘விச்சை’ ஆனதும் இதே வழியில்தான். ஸ்டுடியம் தப்பியது, துறவிகளும் பல்கலைக்கழகங்களும் அதை ஏட்டிலிருந்து படித்துக்கொண்டே இருந்ததால். இடைக்காலத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரே ‘ஸ்டுடியம் ஜெனராலே’. ஜெர்மனில் இன்றும் ‘ஷ்டுடீரன்’ உயர்கல்விக்குத்தான். பள்ளிப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது ‘லெர்னன்’ என்றே சொல்ல வேண்டும்.

போர்த்துகலின் லிஸ்பனில் இப்போது எஸ்டுடார் என்று எழுதிவிட்டு, வேகமாகப் பேசும்போது ‘ஷ்டுடார்’ என்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் பள்ளத்தை நிரப்ப வந்த உயிர் அங்கே உதிர்ந்துகொண்டிருக்கிறது.