தூரத்து மலைக்கு ஏன் நீலம்?

ஓவிய வகுப்புக்குப் போகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மலை முழுக்கப் பச்சை மரங்கள்தானே? தூரத்து மலைக்கு மட்டும் ஏன் நீலம் பூசச் சொல்கிறார் மாஸ்டர்?"

மாஸ்டர் சொல்வது சரி. தூரப் பொருள் சிறிதாகத் தெரியும், தண்டவாளம் ஒன்றுகூடுவதுபோல் தோன்றும் என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். மலைக்கு அந்தக் கணக்கு உதவாது. பக்கத்துக் குன்றும் தூரத்து மலையும் ஒரே உயரமாகத் தெரியலாம். எது தூரம் என்று காட்டிக்கொடுப்பது இடையில் இருக்கும் காற்று.

வெயில் காற்று மூலக்கூறுகளில் பட்டு நாலாபுறமும் சிதறுகிறது. 1871இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே போட்ட கணக்குப்படி, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறும். இனி ஒரு கரும்பச்சை மலையைப் பாருங்கள். அதிலிருந்து புறப்படும் ஒளியில் ஒரு பகுதி வழியிலேயே சிதறிப் போகிறது. அதே வழியில் உள்ள காற்று, தான் சிதறடித்த வெயிலை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. கறுத்த மலைக்கு இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. சேர்வதுதான் அதிகம், அதுவும் நீலம். பனி மூடிய சிகரத்துக்கு நேர் எதிர். அதன் வெள்ளை ஒளியிலிருந்து நீலம் முதலில் கழன்றுகொள்ள, சிகரம் லேசாக மஞ்சளடிக்கும்.

லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் இதற்கு ஒரு விதியே தருகிறார்: ஐந்து மடங்கு தூரத்தில் காட்ட வேண்டிய கட்டடத்தை ஐந்து மடங்கு நீலமாக்கு. அழகான விதிதான், ஆனால் இயற்கை அப்படிப் பெருக்குவதில்லை. காற்று சேர்க்கும் ஒளி முதலில் வேகமாக ஏறும், அப்புறம் தேங்கிவிடும். தொலைவில் உள்ள காற்று அனுப்பும் ஒளியும் நம்மிடம் வருவதற்குள் சிதறிவிடுகிறதே! நீலம் சீக்கிரம் வரம்பைத் தொட்டு நின்றுவிட, பச்சையும் சிவப்பும் மெதுவாகப் பின்னால் வந்து சேரும். மூன்றும் கூடினால் வெண்மை. அதனால் நடுத்தூர மலை நல்ல நீலம், அடுத்தது வெளிறிய நீலம், கடைசி வரிசை தொடுவானத்தின் வெண்மையோடு கரைந்துபோகும். நீல டியூபைப் பிதுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை.

மலைக்கும் வானத்துக்கும் உள்ள பிரகாச வித்தியாசமும் இப்படித்தான் தேயும். 10 கிலோமீட்டரில் பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால், 20இல் கால், 30இல் அரைக்கால்.

சி.வி. ராமன் 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினார். நீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற அந்த ஆராய்ச்சி, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்னும் ராமன் விளைவில் 1928இல் போய் முடிந்தது. 'கடல் ஏன் நீலம்?' என்று தலைப்பிட்டு இன்று ஒருவர் நிதி கேட்டால், முதல் பக்கத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காற்றே இல்லாவிட்டால்? 1971இல் அப்பல்லோ 14 வீரர்கள் ஷெப்பர்டும் மிட்செலும் நிலவில் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறினார்கள். மேடுபள்ளமான தரை; எந்தப் பாறையும் மங்கலாகத் தெரியாததால் கிட்டம் எது, தூரம் எது என்றே பிடிபடவில்லை. விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் தூரத்தில் இருந்துகொண்டே, அதைப் பார்க்காமல் திரும்பிவிட்டார்கள்.

வாசகிக்கு இன்னொன்று. மூடுபனியின் நீர்த்துளிகள் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். மார்கழிக் காலை வரைவதானால் நீலத்தை எடுத்து வைத்துவிடுங்கள், தூரத்து மரங்களுக்கு வெள்ளையும் கொஞ்சம் சாம்பலும் போதும்.