சாக்லேட்: சொல்லும் சரக்கும்

பிறந்தநாள் பிள்ளை வகுப்பு முழுக்க நீட்டிக்கொண்டு போகும் டப்பாவில் இருப்பது சாக்லேட். மளிகைக்கடையில் ஒரு ரூபாய் சில்லறை இல்லையென்று அண்ணாச்சி கையில் வைப்பதும் சாக்லேட். பிரித்து வாயில் போட்டால் ஒன்று மாங்காய் மிட்டாய், இன்னொன்று காபி மணக்கும் சர்க்கரைப் பாகு. இரண்டிலும் கொக்கோ மருந்துக்கும் கிடையாது. தமிழ்நாட்டுப் பேச்சில் தாள் சுற்றி விற்கிற சிறு இனிப்பு எல்லாமே சாக்லேட்தான். கடையில் நின்று வாங்குகிறவரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது.

என் சித்திக்கு ஒருமுறை தொலைபேசியில் கேக் செய்முறை சொன்னேன். "அரை கப் சாக்லேட் பவுடர் போடுங்க சித்தி" என்றேன். மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டார். "நீ சொன்ன மாதிரியேதாம்மா செஞ்சேன். இனிப்பு தூக்கலா இருக்கு, நிறமே ஏறல, நடுவுல அமுங்கிப் போச்சு." பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். பாலில் கலந்து குடிக்கிற தூள். அதில் பெரும்பங்கு சர்க்கரை. நான் மனதில் நினைத்ததோ சர்க்கரை சேராத கொக்கோத்தூள். தவறு சித்தியுடையதல்ல, நான் சொன்ன சொல்லுடையது. அன்றைக்குத்தான் இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனேன்.

வேர் மெக்சிகோவில் இருக்கிறது. அசுட்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் 'அட்ல்' என்றால் நீர். சாக்லேட் என்ற சொல்லின் வால்பகுதி அதுதான். ஏனென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இது கடித்துத் தின்னும் பொருளே இல்லை, குடிக்கும் பொருள். வறுத்த கொக்கோ விதையை அம்மியில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, சோளமாவு, மிளகாய், வனிலா சேர்த்துக் குடித்தார்கள். ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மாயா நாகரிகத்து மண்குவளை ஒன்றில், ஒரு பெண் நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு இந்தப் பானத்தை உயரத்திலிருந்து ஊற்றும் ஓவியம் இருக்கிறது. நுரை எழுப்புவதற்காக. டபராவில் காபி ஆற்றும் நமக்கு அந்தக் கையின் அசைவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சொல்லின் முன்பாதியில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. 'சொகோக்' என்றால் புளிப்பு, ஆகவே புளிப்பு நீர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாக இருந்தாலும் நான் இதை ஏற்கவில்லை. 1571-இல் அச்சான, ஸ்பானியத் துறவி மொலினாவின் நாவாட்டில் அகராதி அந்தப் பானத்துக்குத் தரும் பெயரே வேறு: 'ககாவா அட்ல்'. மொழியியலாளர்கள் கேரன் டேக்கினும் சொரன் விக்மனும் 2000-இல் வேறொரு வழி காட்டினார்கள். பழைய வடிவம் 'சிகோலாட்ல்' என்றும், பானத்தைக் கடையும் குச்சியின் பெயரிலிருந்து அது வந்தது என்றும் சொன்னார்கள். மத்தால் கடைந்த நீர் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த விளக்கமே நெருக்கமாகப் படுகிறது, நுரைக்கு அவர்கள் காட்டிய அக்கறையோடு அது ஒட்டுகிறது.

கட்டி வடிவம் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன், அரைத்த கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைத் தனியாகவும் தூளைத் தனியாகவும் எடுக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பிழிந்த கொழுப்பை மறுபடியும் கொக்கோவோடும் சர்க்கரையோடும் சேர்த்து அச்சில் வார்க்கலாம் என்று இங்கிலாந்தின் ஃபிரை நிறுவனம் 1847-இல் செய்துகாட்டியது. பாலைச் சேர்த்தவர் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர், 1875-இல். பொருள் நீரிலிருந்து கட்டியாக மாறியது, பெயரில் மட்டும் நீர் தங்கிவிட்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தம்மை அடுத்துத் தம் எழுத்தையே ஏற்கும். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியவும் முடியாது. ஆகவே 'க்லே' என்று கூடுவதும், 'ட்' என்று நிற்பதும் தமிழ் வாய்க்கு இயல்பல்ல. கிராமத்துப் பாட்டி 'சாக்கலேட்டு' என்று சொல்வது பாமரத்தனம் இல்லை, தொல்காப்பிய இலக்கணத்தின்படி சரியான உருவம். இலங்கையில் 'சொக்லேட்' என்பார்கள். அங்கே ஒரு வணிகப் பெயரான 'கண்டோஸ்' என்பதையே பொதுப் பெயராகச் சொல்லும் வழக்கமும் உண்டு.

'காவிக்கண்டு' என்ற தமிழாக்கம் கலைச்சொல் பட்டியல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்கியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் சொல் பொருந்தவில்லை. காவி என்பது நிறம். கொக்கோ வெண்ணெயில் செய்த வெள்ளைச் சாக்லேட்டை என்னவென்று அழைப்பது? கண்டு என்பது கற்கண்டில் வரும் கண்டு, சர்க்கரைக் கட்டி. இந்தப் பொருளின் உயிரான கொக்கோவுக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

வேறு நாட்டுச் சரக்குக்குப் பெயர் வைக்கத் தமிழுக்குத் தெரியாதா என்ன? கொக்கோ பிறந்த அதே அமெரிக்க மண்ணிலிருந்து வந்த காரக் காய்க்கு, கையிலிருந்த மிளகை எடுத்து 'மிளகாய்' என்று வைத்தோம். 'தேநீர்' அதைவிட நல்ல பாடம். சீனத்துத் 'தே' அப்படியே இருக்க, பக்கத்தில் நம் நீர் சேர்ந்தது. 'ககாவா அட்ல்' என்று அசுட்டெக்குகள் கட்டிய சொல்லும் அதே கட்டுமானம்தான்: கொக்கோ நீர். ஆகவே குடிப்பதற்குக் கொக்கோநீர், கடிப்பதற்குக் கொக்கோக்கட்டி. பாலாடைக்கட்டியை நாம் ஏற்கவில்லையா? பேச்சில் சாக்லேட்டு இருந்துவிட்டுப் போகட்டும், அது நம் நாக்கில் பழகிவிட்ட கடன்சொல். செய்முறை எழுதும்போது மட்டும் கொக்கோ என்ற வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அந்த வேர் நமக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1798-இல், குற்றாலத்தில் கொக்கோ நட்டார்கள். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். காயை உடைத்தால் வெள்ளைச் சதை போர்த்திய முப்பது நாற்பது விதைகள். சதையைச் சப்பினால் புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை, சாக்லேட் வாசனையே இராது. விதையைச் சதையோடு குவித்து மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, வறுத்த பிறகுதான் நாம் அறிந்த மணம் எழுகிறது.

இனி அடுப்பங்கரை. கொக்கோத்தூள் என்பது கொழுப்பைப் பிழிந்தபின் மிஞ்சியது, சர்க்கரை இல்லாதது, நாக்கில் வைத்தால் கசக்கும். கொக்கோ வெண்ணெய் என்பது பிழிந்த கொழுப்பு. அது ஏறத்தாழ 34 பாகையில் உருகும், நம் உடல்சூடு 37. வாயில் வைத்ததும் கரைகிற சுகம் இந்த மூன்று பாகை வித்தியாசத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்தில் கைப்பையிலேயே குழைந்துபோவதும் இதனால்தான். பேக்கரிச் சாமான் கடையில் 'காம்பவுண்ட்' என்று கேட்டால் கொடுப்பது, கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டி. விலை குறைவு, உருக்கி வார்த்தால் சட்டென்று இறுகும், பதம் பார்க்கும் வேலை இல்லை. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு அச்சில் வார்க்க அது போதும். ஆனால் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். கொக்கோவே முதன்மையான கேக்குக்கு நான் அதை எடுப்பதில்லை. கொக்கோ வெண்ணெய் உள்ள நல்ல கட்டியை வார்ப்பதென்றால் பதம் வேண்டும்: கறுப்புக் கட்டியை (டார்க் சாக்லேட்) 45 பாகைக்கு மேல் உருக்கி, 27, 28 வரை ஆறவிட்டு, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். பதம் சரியாக அமைந்த கட்டியை உடைத்தால் 'டக்' என்று கேட்கும், பளபளப்பு இருக்கும். தவறினால் மேலே சாம்பல் பூத்தது போல் வெளிறும்.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது மூடி போடாதீர்கள். மூடியில் கோத்த ஆவி ஒரு சொட்டு விழுந்தால் போதும், வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது ஈரமண்போல் திரண்டு நிற்கும். சர்க்கரைத் துகள்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வினை. தூக்கிப் போட வேண்டாம், சூடான பாலோ பாலேடோ தாராளமாக ஊற்றிக் கலக்கினால் நல்ல குழம்பாகிவிடும், கேக்கின் மேல் ஊற்றலாம்.

சித்தி அடுத்த வாரமே கொக்கோத்தூள் வாங்கி மறுபடி செய்தார். அரை கப் தூளை முதலில் வெந்நீரில் குழைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன், மணம் நன்றாகத் திறக்கும் என்று. கேக் கறுத்து, மேலே லேசாக வெடித்து, நன்றாக எழும்பியிருந்தது. போன பொங்கலுக்குப் போனபோது அவருடைய அலமாரியில் இரண்டு டப்பாக்களைப் பார்த்தேன். ஒன்றில் 'பால்ல கலக்க' என்று ஒட்டியிருந்தது. மற்றொன்றில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், 'கொக்கோத்தூள், கேக்குக்கு மட்டும்'.