தொகுதி மறுவரையறை: சட்டம் எண்ணுவது யாரை, பங்கிடுவது எதை?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, ராஜஸ்தானின் மக்கள்தொகை 6.85 கோடி. இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள், ராஜஸ்தானுக்கு 25. இதை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு எங்கோ கணக்குப் பிசகியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் கணக்கு சரியாகத்தான் போடப்பட்டது, ஆனால் போடப்பட்டது 1971ஆம் ஆண்டின் தொகையை வைத்து. அப்போது தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேரும் ராஜஸ்தானில் 2.58 கோடிப் பேரும் இருந்தார்கள். ஓர் உறுப்பினருக்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10.6 லட்சம் பேர், ராஜஸ்தானில் 10.3 லட்சம் பேர் என்று பங்கீடு கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. 2011இல் அதே கணக்கு 18.5 லட்சம், 27.4 லட்சம் என்று விலகி நிற்கிறது. மக்கள்தொகை நகர்ந்துவிட்டது, இடங்கள் நகரவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவு சொல்வது எளிய விதிதான். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் அதன் மக்களவை இடங்களுக்கும் உள்ள விகிதம், இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 60 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட சிறிய மாநிலங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் இந்த இடங்களைத் திருத்தியமைக்க வேண்டும் என்கிறது 82ஆவது பிரிவு. சட்டமன்றங்களுக்கு இதே வேலையை 170ஆவது பிரிவு செய்கிறது. இதற்காக 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் மறுவரையறை ஆணையங்கள் அமைக்கப்பட்டன.

'தொகுதி மறுவரையறை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பங்கிடுவது ஒன்று. கிடைத்த இடங்களுக்கு மாநிலத்துக்குள் எல்லை வரைவது மற்றொன்று. நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது முதல் வேலைதான். இரண்டாவது வேலை 2001 கணக்கெடுப்பை வைத்துச் செய்யப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது. பொது விவாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழைந்துபோவதால்தான் பாதிக் குழப்பம்.

பங்கீடு ஏன் நின்றது?

குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியக் கொள்கையாக வலியுறுத்திய அரசு, அதில் வெற்றிபெறும் மாநிலம் மக்களவை இடங்களை இழக்கும் என்ற நிலையையும் கூடவே வைத்திருக்க முடியாது. எனவே 1976இல் 42ஆவது திருத்தம், 2000க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை 1971இன் தொகையே அடிப்படை என்று பங்கீட்டை உறையவைத்தது. அந்தத் தவணை முடிந்தபோது 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மாநிலத்துக்குள் எல்லை வரைய 2001 கணக்கெடுப்பைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் வந்த 87ஆவது திருத்தம் வழிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறைக்குப் பின், 1967இல் அவை 39 ஆகின. ஆந்திரமும் அதே சமயத்தில் 43இலிருந்து 41ஆக இறங்கியது. போன அந்த இரண்டு இடங்களை முன்வைத்து, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இதுவா பலன் என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் எழுப்பியதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

அரை நூற்றாண்டில் நடந்த மாற்றத்தின் அளவைக் கருவள விகிதம் காட்டும். 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 3.9, கேரளத்தில் 4.1, உத்தரப் பிரதேசத்தில் 6.6 குழந்தைகள் என்று மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் கேரளமும் 1.8க்கு வந்துவிட்டன, உத்தரப் பிரதேசம் 2.4, பீகார் 3.0. வடக்கிலும் விகிதம் வேகமாக இறங்கியிருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஆனால் தெற்கு இருபது முப்பது ஆண்டுகள் முந்திக்கொண்டதால், அந்த இடைவெளியில் பிறந்தவர்கள் இன்று வாக்காளர்களாக, பெற்றோர்களாக நிற்கிறார்கள். விகிதங்கள் ஒன்றையொன்று நெருங்கினாலும் தொகைகள் நெருங்கிவிடாது.

இடம் குறையாமலே பங்கு குறையும்

மொத்த இடங்களை 543 என்றே வைத்து, 2011 தொகையின்படி பங்கிட்டால் என்ன ஆகும் என்று எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நாட்டின் 121 கோடியை 543ஆல் வகுத்தால் ஓர் உறுப்பினருக்கு 22.3 லட்சம் பேர். அந்த அளவுகோலில் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 32 இடங்கள், கேரளத்துக்கு இப்போதுள்ள 20க்குப் பதில் 15. உத்தரப் பிரதேசம் 80இலிருந்து 90ஐயும், பீகார் 40இலிருந்து 47ஐயும், ராஜஸ்தான் 25இலிருந்து 31ஐயும் தொடும். சிறிய மாநிலங்களுக்கான விலக்கால் ஓரிரு இடங்கள் முன்பின் ஆகலாம், போக்கு மாறாது.

எந்த மாநிலத்துக்கும் இடம் குறையாதபடி அவையைப் பெரிதாக்கிவிடலாம் என்பது அடுத்த யோசனை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் போடப்பட்டிருப்பதால் இந்தப் பேச்சுக்கு வலுவும் சேர்ந்தது. ஆனால் இங்கேதான் கவனம் தேவை. அதே 2011 தொகையின்படி தமிழ்நாட்டின் 39 அப்படியே நிற்க வேண்டுமானால் அவையில் ஏறத்தாழ 655 இடங்கள் இருக்க வேண்டும். அப்போது உத்தரப் பிரதேசத்துக்கு 108 இடங்கள் கிடைக்கும். தமிழ்நாடு ஓர் இடத்தைக்கூட இழக்கவில்லை என்று அப்போதும் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் அவையில் அதன் பங்கு 7.2 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும். மசோதா நிறைவேறுவதும் அரசு கவிழ்வதும் பங்கைப் பொறுத்தவை; இடங்களின் வெறும் எண்ணிக்கை அங்கே பேசாது.

2025 பிப்ரவரியில் கோவைக்கு வந்த ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாசார அடிப்படையில் தென்மாநிலங்கள் ஓர் இடத்தையும் இழக்கா என்று உறுதி கூறினார். எதன் விகிதாசாரம் என்பதுதான் உடனே எழுந்த கேள்வி. இப்போதுள்ள இடங்களின் விகிதாசாரம் என்றால் எல்லா மாநிலங்களும் ஒரே மடங்கில் வளரும், தமிழ்நாட்டின் 7.2 விழுக்காடு நிலைக்கும்; ஆனால் அது 81ஆவது பிரிவின் இன்றைய வாசகத்துக்குப் பொருந்தாது, வாசகத்தையே மாற்ற வேண்டும். மக்கள்தொகையின் விகிதாசாரம் என்றால் மேலே போட்ட கணக்குத்தான். அதற்கடுத்த மாதம் 22ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டிய கூட்டுக் கூட்டத்தில் கேரள, தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கர்நாடகத்தின் துணை முதலமைச்சரும் கலந்துகொண்டார்கள். பஞ்சாப் வந்து அமர்ந்ததிலிருந்தே, இதை வடக்கு-தெற்கு என்று மட்டும் பார்க்க முடியாது என்பது விளங்கும்.

மாநிலங்களிலிருந்து 530, ஒன்றியப் பகுதிகளிலிருந்து 20 என்பதே அரசமைப்புச் சட்டம் மக்களவைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு. அதைத் தாண்ட அரசமைப்புத் திருத்தம் வேண்டும். நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைத் தொடும் திருத்தங்களுக்கு இரு அவைகளின் சிறப்புப் பெரும்பான்மையோடு, குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை என்கிறது 368ஆவது பிரிவு.

மக்களவையோடு இந்த உறைநிலை நின்றுவிடவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பும் 1971 தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டின் 4.12 கோடியை 234ஆலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் 176 வரும். நம் உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு அதுதான். உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208.

மாநிலத்துக்குள் வரையப்படும் கோடுகள்

தமிழ்நாட்டில் அவ்வளவாகப் பேசப்படாத பக்கம் இது. 2024 மக்களவைத் தேர்தலின்போது சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழ்வேளூரில் 2 லட்சம்கூட இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழும்பிய அடுக்ககங்களில் குடியேறியவர் மூவரின் வாக்குக்கு, ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்ட டெல்டாக்காரர் ஒருவரின் வாக்கு ஈடாகிறது. சென்னைக்குள்ளேயே துறைமுகம் தொகுதியும் 2 லட்சத்தை எட்டாததுதான். பழைய நகரம் சுருங்க, புறநகர் வீங்குகிறது. ராஜஸ்தான்காரர் தமிழ்நாட்டைப் பார்த்துச் சொல்லக்கூடிய அதே குறையைச் சோழிங்கநல்லூர்க்காரர் கீழ்வேளூரைப் பார்த்துச் சொல்லலாம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2008இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது சென்னையின் சட்டமன்றத் தொகுதிகள் 14இலிருந்து 16 ஆகின. மாநிலத்துக்கு 234 என்ற மொத்தம் மாறாததால், ஓரிடத்தில் ஏறினால் இன்னோரிடத்தில் இறங்கியே தீரும். அடுத்த மறுவரையறையிலும் காவிரிப்படுகையிலிருந்து சென்னை, செங்கல்பட்டு, கோவை, திருப்பூர் பக்கமாக இடங்கள் நகர்வதற்கே வாய்ப்பு அதிகம். அதோடு தேர்தல் பேச்சும் நகரும். ஆற்று நீர், நெல் கொள்முதல் என்று பேசி வெல்லும் தொகுதிகள் குறைந்து, குடிநீர் லாரி, வாடகை, மழைநீர் வடிகால் என்று பேசியாக வேண்டிய தொகுதிகள் கூடும்.

தொகையில் கணக்குச் சரியாக இருந்தாலும் ஊருக்குக் கணக்குத் தவறலாம். அதற்குப் புதுக்கோட்டையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது ஒரு மக்களவைத் தொகுதி. புதுக்கோட்டை மாவட்டத்தில் சரியாக ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தும், 2008இல் அந்தப் பெயரிலிருந்த மக்களவைத் தொகுதி மறைந்தது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்குப் போயின. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. ஒரு மாவட்டம் நான்கு மக்களவை உறுப்பினர்களுக்கு ஓரமாகி நிற்கிறது. சமஸ்தானமாகத் தனித்திருந்த ஊருக்கு இது ஆறாத மனக்குறை.

எண்ணப்படுவது யார் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மறுவரையறைக்கு அடிப்படை வாக்காளர் பட்டியல் அல்ல. குழந்தைகளும் அடங்கிய மொத்த மக்கள்தொகை. கணக்கெடுப்புக் காலத்தில் வழக்கமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே ஒருவர் எண்ணப்படுகிறார். எனவே திருப்பூர் பின்னலாடை ஆலையில் வேலை செய்து அங்கேயே தங்கியிருக்கும் பீகார்த் தொழிலாளி, தமிழ்நாட்டின் தொகையில் சேருகிறார். ஆனால் அவர் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருந்தால் அவருடைய வாக்கு அங்கேதான். ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்க முடியும். ஒரு மாநிலத்துக்கு இடம் சேர்க்கும் ஆள் இன்னொரு மாநிலத்தில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். புலம்பெயர்வு கூடக்கூட இந்தப் பிளவு இன்னும் அகலும்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய தனித்தொகுதிகளின் எண்ணிக்கையும் அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைப் பின்பற்றியே வருகிறது. தமிழ்நாட்டின் 234இல் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு. ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கு. ஜார்க்கண்டில் 2001 தொகையின்படி பழங்குடித் தொகுதிகள் குறையும் நிலை வந்ததும் எதிர்ப்புக் கிளம்பி, 2008இல் அங்கு மறுவரையறையே நிறுத்திவைக்கப்பட்டது.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆதார நாளாக, அதாவது எந்த நாளின் நிலவரப்படி மக்கள்தொகை கணக்கிடப்படுமோ அந்த நாளாக, 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டது. பனி மூடும் மலைப்பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தமும், தான் நடைமுறைக்கு வந்த பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பையும் அதையொட்டிய மறுவரையறையையும் எதிர்பார்த்து எழுதப்பட்டதே. மறுவரையறை வேண்டாம் என்பவர்கள் பெண்கள் இடஒதுக்கீட்டையும் தள்ளிப்போடுவதாகப் பழி ஏற்க நேர்கிறது. இரண்டையும் இப்படி முடிச்சுப் போட்டிருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டப்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ ஆணையத்துக்குத் தலைவர். தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையரும், அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். மாநிலத்துக்கு ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக அமர்வார்கள், அவர்களுக்கு வாக்கில்லை. வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, மாநிலத்தில் பொது அமர்வுகளை நடத்திய பிறகே ஆணை இறுதியாகும். தங்கள் ஊர் எந்தத் தொகுதியில் சேர வேண்டும் என்று சொல்லப் பொதுமக்களுக்குச் சட்டம் தந்திருக்கும் ஒரே வாசல் அந்த வரைவுக்கும் இறுதி ஆணைக்கும் இடைப்பட்ட நாட்கள்தான். இறுதி ஆணைக்குச் சட்டத்தின் வலு உண்டு. அவைகளின் முன் வைக்கப்பட்டாலும் அதை அவர்கள் திருத்த முடியாது. நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்பதை 329ஆவது பிரிவு தடுக்கிறது. வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமான ஆணையாக இருந்தால் மட்டும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு இடுக்கைத் திறந்துவைத்தது. புதிய எல்லைகள் அறிவிக்கப்பட்டாலும், அப்போது பதவியிலிருக்கும் அவை கலையும் வரை பழைய தொகுதிகளே தொடரும்.