லினக்ஸ் கணினியில் நேரம் பிழைக்கிறதா? போனைப் பார்த்துத் திருத்தாதீர்கள்

திருகோணமலைக் கடைகளிலிருந்தும் ரியூசன் நிலையங்களிலிருந்தும் இந்த வாரமும் அதே முறைப்பாடு: "நேரம் பிழையாய்க் காட்டுது, அப்டேற் ஓடுதில்லை." கைவைத்தியமும் முன்பே நடந்திருக்கிறது. போனைப் பார்த்து மணியை வைத்திருப்பார்கள், அல்லது மணி பொருந்தும்வரை நேர வலயத்தை மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

வலயத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். லினக்ஸ் உள்ளே யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் கணக்கு வைக்கிறது. வலயம் திரையில் காட்டும்போது கூட்டிக்கொள்ளும் ஐந்தரை மணி, அவ்வளவுதான். அதை மாற்றினால் திரையில் மணி பொருந்தும், உள்ளே கடிகாரம் பிழையாகவே கிடக்கும். மென்பொருளை நிறுவி அப்டேற் செய்யும் ஆப்ட் "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுப்பதும், 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் நுழைவுக் குறியீடு பொருந்தாமல் போவதும் அந்த உள்நேரத்தால்தான். இங்கே வலயம் ஏசியா/கொழும்பு. டாக்காவைத் தெரிவுசெய்தால் அரை மணி கூடும். கொல்கத்தா இன்றைய மணியைச் சரியாகவே காட்டும், ஆனால் 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் முன்தள்ளியிருந்ததால் அந்தக் காலக் கோப்புகளின் நேரம் பிசகும்.

எவ்வளவு பிசகு என்று முதலில் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரியும்.

சரியாக ஐந்தரை மணி என்றால் அதே கணினியில் விண்டோஸும் இருக்கும். விண்டோஸ் மதர்போர்ட் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதை யூடிசி என்று வாசித்து மேலும் ஐந்தரை மணி கூட்டுகிறது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டைம்சோன்இன்பர்மேஷன் பகுதியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற டிவேர்ட் மதிப்பை 1 ஆக்கினால் சண்டை முடிந்தது.

இரவு பிளக்கைக் கழற்றினால் காலையில் பழைய திகதி என்றால் காரணம் மதர்போர்ட் பற்றரி. சிஆர்2032, 3 வோல்ட். மீற்றரில் 2.8க்குக் கீழே போனால் மாற்றுங்கள். கடற்கரைப் பக்கக் கடைகளில் பற்றரி நல்லதாக இருந்தும் அதன் கவ்வியில் பச்சை பிடித்திருக்கும், அதையும் பாருங்கள். கழற்றமுன் பயோஸ் அமைப்புகளைப் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும்.

நிமிடக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போனால் இணைய நேரச் சேர்வரோடு ஒத்திசைவு (என்டிபி) நடக்கவில்லை. டேர்மினலில் டைம்டேட்சிடிஎல் அடியுங்கள். "என்டிபி சர்விஸ்: அக்டிவ்" என்ற வரியைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம். சேவை ஓடுகிறது என்றுதான் அந்த வரி சொல்கிறது, நேரம் கிடைத்ததா என்று சொல்லவில்லை. அதற்கு மேல் வரியில் "சிஸ்டம் குளொக் சிங்க்ரனைஸ்ட்: யெஸ்" இருக்க வேண்டும். குரோனி என்ற நேரச் சேவை ஓடினால் குரோனிசி சோர்சஸ் அடியுங்கள். ரீச் நிரலில் 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. எல்லாச் சேர்வருக்கும் முன்னால் ^? இருந்து ரீச் 0 என்றால் பெரும்பாலும் ரவுட்டரோ ஃபயர்வோலோ என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123 போர்ட்டை மறிக்கிறது. பிரௌசர் வேலை செய்வதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, அது வேறு போர்ட்.

பழைய கணினியில் யாரோ கிரொன் என்ற தானியங்கி அட்டவணை மூலம் என்டிபிடேட் என்ற நேரம் திருத்தும் கட்டளையைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதை எடுத்துவிடுங்கள். ஒரு கணினிக்கு ஒரு நேரச் சேவை போதும்.

இணையம் அடிக்கடி அறுகிற இடத்தில் பத்துக் கணினி இருந்தால் ஒன்றைச் சேர்வராக்குங்கள். அதன் குரோனி கொன்ஃபிக்கில் "அலவ் 192.168.1.0/24", "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10" என்று இரண்டு வரி, முகவரி உங்கள் நெற்வேர்க்குக்கு ஏற்றதாக இருக்கட்டும். மற்றவை அதையே கேட்கட்டும். இணையம் இல்லாவிட்டாலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்.

பெரிய பிசகைக் குரோனி வழமையாக, தான் தொடங்கியபின் வரும் முதல் மூன்று அளவீட்டுக்குள்தான் ஒரேயடியாகத் தாவித் திருத்தும், பிறகு மெல்லத்தான் இழுக்கும். உடனே வேண்டுமென்றால் சூடோ குரோனிசி மேக்ஸ்டெப். ஆனால் பில் போடும் கணினியில் முதலில் பில் மென்பொருளையும் தரவுத்தளத்தையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நேரம் பின்னால் தாவினால் அடுத்த பில்லுக்கு முந்தைய பில்லைவிடப் பழைய நேரம் விழும், மாதக் கணக்கு முடிக்கும்போது அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.