புழுதிக் காற்றில் ஊரைப் படம் எடுப்பவர்களே, கமராவுக்கு ரயர்க்கடைக் காற்று அடிக்காதீர்கள்

கமரா திருத்துகிற என் மேசைக்கு மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. கச்சான் எனும் மேல்காற்று வீசிய நாளொன்றில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் நின்று, புழுதி மூடிய நகரத்தைப் படம் எடுத்த கமரா. படங்களில் குறையில்லை. எடுத்து முடித்த கையோடு, "உள்ளுக்குத் தூசு போயிட்டு" என்று லென்ஸைக் கழற்றி, ரயர்க்கடையில் கொம்பிரசர் காற்று அடித்திருக்கிறார்கள். ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் தகடுகளில் ஒன்று இடம் விட்டு மடிந்து கிடக்கிறது. படத்தைப் பதியும் சென்சரின் மேல் செம்மண் தூள் ஒரு மூலையிலிருந்து விசிறி விரித்தாற்போல் படிந்திருக்கிறது. இடையிடையே எண்ணெய்ப் பொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான ஒரு வளையம். புழுதி செய்த சேதம் இதில் எதுவுமில்லை. எல்லாம் அந்தக் குழாய் செய்தது.

ஒவ்வொரு கச்சான் காலத்திலும் இதே கதைதான். ஆகவே இதை ஒருமுறை விரிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ரயருக்கு அடிக்கிற கொம்பிரசரின் தாங்கியில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஷட்டர் தகடு தாளளவு மெல்லியது. அதன்மேல் அந்தக் காற்றுப் பட்டால் வளையும், அல்லது இடத்தை விட்டுக் கழன்றுவிடும். கமராவின் இடுக்குகளில் வைத்திருக்கும் றப்பர் வளையங்களும் நுரைப்பட்டிகளும் தானாக வந்து விழும் தூசைத் தடுக்கத்தான். அழுத்திச் செலுத்தும் தூசை அவை தடுக்கா. வெளியே இருந்த மண்ணை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். கொம்பிரசர் தாங்கியின் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும், பிஸ்டன் எண்ணெயும் ஆவியாகக் கலந்திருக்கும். அது சென்சர் கண்ணாடியில் பட்டதும், உலர்ந்திருந்த தூசு பசையாகிறது. கையால் அமுக்கி ஊதும் றப்பர் புளோவரால் ஒரு நிமிடத்தில் போயிருக்க வேண்டியது, பிறகு ஈரத் துடைப்புக்கும் இலகுவில் அசையாது.

வாயால் ஊதுவதும் இதே வகைதான். எச்சிலில் உப்பும் ஈரமும் இருக்கின்றன. நம் வாவிக்கரைக் காற்றில் பங்கசு (பூஞ்சணம்) பிடிக்க அது போதும். தலைமயிர் உலர்த்தி வேண்டாம். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றும் வேண்டாம்: டப்பாவைச் சரித்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் அப்படியே பீறிட்டு, சென்சரின் மேல் உறைந்து கறையாகிவிடும். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டும் காய்ந்த பிறகு படலம் விடும். சேட்டு நுனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணில் இருக்கும் குவாட்ஸ், மோஸ் அளவில் 7 கடினம். லென்ஸ் கண்ணாடி ஐந்தரையை அண்டியது. புழுதி படிந்த லென்ஸைத் துணியால் துடைப்பது கண்ணாடியின் மேல் அரத்தாள் தேய்க்கிற வேலை. முதலில் ஊத வேண்டும், பிறகு தூரிகை, கடைசியாகத்தான் துணி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இனிப் படம் எடுப்பதற்கு வருவோம். தடுக்க நினைத்து எழுதவில்லை. புழுதி மூடிய ஊர் எடுக்க வேண்டிய படந்தான். 2009 செப்டம்பர் 23 காலையில் சிட்னி நகரம் முழுவதும் செம்மஞ்சளாக விடிந்தது. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வரண்ட நிலத்து இரும்புச்சத்துள்ள மண் காற்றில் ஏறி, நீல ஒளியை விழுங்கியதால் வந்த நிறம் அது. அன்று கமராவை ஓட்டோ வெள்ளைச் சமநிலையில் (வைட் பலன்ஸ்) விட்டவர்களுக்கு அந்த நிறத்தில் பாதி படத்தில் வரவில்லை. கமரா அதைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடும். நமக்கு வருவது அந்த அளவுப் பாலைவனப் புழுதி இல்லை. கச்சான் வீசும் மாதங்களில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக் கிறவல் ரோட்டுச் செம்மண்ணும், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் வெட்டும் மெஷின் கிளப்பும் வைக்கோல் தூளும் சேர்ந்து எழும்புகிறது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு நாட்டை மூடி, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடவைத்தது வேறு. அது நுண்துகள் மாசு, சாம்பல் வெள்ளை மங்கல். அதைச் செம்மஞ்சள் பில்டர் போட்டுப் "புழுதிப்புயல்" என்று பரப்பாதீர்கள். நோயாளிகள் இருக்கிற வீடுகளில் அந்தப் படம் வீண் பயத்தைக் கிளப்பும்.

கமராவைப் புறப்படும் முன்னேயே ஆயத்தம் செய்யுங்கள். வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரேயொரு லென்ஸைப் பூட்டுங்கள். திரும்பி வரும்வரை அதைக் கழற்றக்கூடாது. முழுச் சட்டக (புல் பிரேம்) கமரா என்றால் 24-70 மில்லிமீற்றர், சின்ன சென்சர் என்றால் 18-55. நகரத்துக்கு அது போதும். உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமரா வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் சென்சருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். பெரும்பாலான மிரர்லெஸ்களில் சென்சர் வெறுமையாகத் தெரியும். சில மாதிரிகளில் கமராவை அணைத்ததும் ஷட்டரை மூடச் சொல்லும் தெரிவு மெனுவில் உண்டு. தேடிப் பாருங்கள்.

"சீல் பண்ணின கமரா அண்ணே" என்பார்கள். கமராவுக்கு மட்டும் சீல் இருந்து, லென்ஸின் பூட்டும் வளையத்தில் றப்பர் இல்லையென்றால் பயனில்லை. சில லென்ஸ்களுக்கு முன்னால் பில்டர் போட்டால்தான் சீல் முழுமையாகும், கையேட்டிலேயே எழுதியிருக்கும். நீளும் ஸூம் லென்ஸ் ஒவ்வொரு தடவை நீளும்போதும் காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே புழுதிக்குள் நின்று ஸூமை முன்பின்னாகத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு குவியத் தூரத்தைத் தெரிவு செய்துவிட்டு நடந்து போய் எடுங்கள்.

தெளிந்த யூவி பில்டரும் லென்ஸ் ஹூட்டும் போடுங்கள். கமராவுக்கு மேல் பொலித்தீன் பையைக் கவிழ்த்து, லென்ஸ் வெளியே வர ஓட்டையிட்டு, ஹூட்டோடு றப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். ஸூம் வளைய இடுக்குக்கும் பிளாஷ் பூட்டும் இடத்துக்கும் மாஸ்கிங் டேப். செலோடேப் வேண்டாம், பசை ஒட்டிவிடும்.

மட்டக்களப்பில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். கச்சான் மேற்கிலிருந்து வீசுகிறது, படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து நகரத்துக்குள். புழுதிக்குப் பின்னால் சூரியன் தாழ்ந்து நல்ல நிறம் கிடைப்பதும் மாலையில், அதே மேற்கில்தான். சூரியனைப் பார்த்து நின்றால் காற்று நேரே லென்ஸின் முகத்தில் அடிக்கும். எனவே சுவர் மறைவிலோ கட்டடத்தின் கிழக்குப் பக்கத்திலோ ஒதுங்கி நில்லுங்கள். விளிம்பால் எட்டிப் பார்த்து இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு மறைவுக்குத் திரும்புங்கள். மேல்மாடி யன்னல் கிடைத்தால் அதைவிட நல்லது. காலையில் இந்தச் சிரமம் இல்லை: காற்று முதுகில், முகம் கிழக்கே, கடற்கரைப் பக்கத்துக் கட்டடங்கள் நிழலுருவாக.

ரோ (RAW) கோப்பில் எடுங்கள். வெள்ளைச் சமநிலை பகல்வெளிச்சம், 5500 கெல்வின். போனிலும் புரோ மோடில் இந்த எண்ணைப் பூட்டலாம். லென்ஸின் துளை எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை. எஃப் 16க்குப் போனால் சென்சரில் இருக்கும் ஒவ்வொரு துகளும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். ஆட்கள் நடந்தால் ஷட்டர் வேகம் செக்கனில் 250இல் ஒரு பங்கு. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றுங்கள். வெளிறிய புழுதியைக் கமராவின் ஒளியளவி வெளிச்சம் அதிகமென்று எண்ணி இருட்டாக்கும். எக்ஸ்போஷரை முக்கால் படி முதல் ஒரு படி வரை கூட்டுங்கள். ஆனால் கமரா காட்டும் ஒளி வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) சிவப்பைத் தனியே பாருங்கள். மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே செம்மஞ்சள் வானத்தில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்படி வழிந்ததை வீட்டில் மீட்க முடியாது.

ஓட்டோ போகஸ் பிடி கிடைக்காமல் அலையும். மணிக்கூட்டுக் கோபுரத்தின் விளிம்பு, ஓட்டோவின் முகப்பு விளக்கு போல அழுத்தமான ஒன்றில் பிடித்துவிட்டு மெனுவலுக்கு மாற்றுங்கள். பிளாஷ் போடவே வேண்டாம், லென்ஸுக்கு முன்னால் பறக்கும் துகள்கள்தான் வெள்ளைப் பொட்டுகளாக விழும். முன்னால் ஒன்று கிட்டத்தில் தெளிவாக இருந்தால்தான் பின்னால் இருப்பது புழுதியென்று பார்ப்பவருக்குப் புரியும். முந்தானையால் முகத்தை மூடிப் போகும் ஒரு அம்மா, பின்னால் பாதி கரைந்த பாலம். அவ்வளவு போதும். படத்துக்காக அவரை முந்தானையை எடுக்கச் சொல்லாதீர்கள்.

ட்ரோன் பறக்கவிடாதீர்கள். கண் பார்வைக்கு எட்டாமல் ட்ரோன் பறக்கவிடுவது சட்டத்துக்கும் புறம்பு. திருக்கோவில் கரையில் இருக்கிற இல்மனைட் கலந்த கறுமணல் மோட்டார்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் நுரையீரலுக்கு மாற்று உறுப்பு எங்கும் விற்பதில்லை, தம்பிமாரே. துணி மாஸ்க் நுண்தூளைத் தடுக்காது. என்95 அணியுங்கள், தாடிக்கு மேல் போட்டால் இடைவெளியால் காற்று நுழையும். தொய்வு உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப்பையில் வையுங்கள், பைக்கின் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடி போடுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். படம் கைநழுவிப் போகும் அவசரத்தில் நடு ரோட்டில் நிற்கவும் வேண்டாம். உங்களுக்கே பாலம் தெரியாதபோது பஸ் சாரதிக்கு நீங்கள் எப்படித் தெரிவீர்கள்?

ஏசி வானுக்குள் ஏறி இறங்கி எடுப்பவர்கள் கவனியுங்கள். குளிர்ந்த கமரா வெளிக்காற்றில் வியர்க்கும், வியர்வையில் தூசு சேறாகும். ஏறும்போதே கமராவை இறுக மூடும் பைக்குள் போடுங்கள். இறங்கியபின் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் திறங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கழற்றாமல் வெளியே தூரிகையால் தட்டுங்கள். பிறகு பொலித்தீனை அகற்றி, லென்ஸைக் கழற்றாமலே புளோவரால் இடுக்குகளில் ஊதுங்கள். கமராப் பையின் உட்புறத்தை வக்கும் கிளீனரால் உறிஞ்சுங்கள். பலர் இதை மறப்பதால், அடுத்த கலியாணவீட்டில் அதே புழுதி மறுபடி கமராவுக்குள் ஏறுகிறது.

சென்சரில் தூசு இருக்கிறதா என்று பார்க்க, எஃப் 16, ஐஎஸ்ஓ 100, போகஸ் கலைந்த நிலை, வெள்ளைச் சுவர், கையை மெல்ல அசைத்து ஒரு படம். புள்ளிகள் தெரிந்தால் முதலில் கமராவின் தன் அதிர்வுச் சுத்தம், பிறகு பட்டரி நிறைந்திருக்க, கமராவின் வாய் தரையைப் பார்க்க, புளோவர். புளோவரின் மூக்கு நுனி உள்ளே போகக்கூடாது. பட்டரி குறைவாக இருந்தால் டிஎஸ்எல்ஆரில் தூக்கி நிற்கும் கண்ணாடி நடுவழியில் விழுந்து புளோவரில் மோதும். இதற்கும் போகாத புள்ளியை நீங்கள் தொடாதீர்கள். ஈரத் துடைப்புக்குச் சென்சர் அகலத்துக்கேற்ற துடைப்பான் வேண்டும், முழுச் சட்டகத்துக்கு 24 மில்லிமீற்றர், சின்னதற்கு 16. ஒரே திசை, ஒரு தடவை, பிறகு எறிய வேண்டும். பழக்கமில்லாத கைக்கு இது ஏற்ற வேலையில்லை.

ஸூம் வளையம் அரைபடுகிற சத்தம் கேட்டாலோ ஷட்டர் பிழைச்செய்தி வந்தாலோ இன்னொரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டாம். அணைத்து, பட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைத்துத் திருத்துபவரிடம் கொண்டு போங்கள். கொம்பிரசர் அடித்திருந்தால் அதையும், ஸ்பிரிட் பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். யாரும் உங்களை ஏசுவதற்குக் கேட்பதில்லை. எதிலிருந்து கழற்றத் தொடங்குவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.